வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்தல்: பாயிங்க் மென்பொருளை அளவோடு ஓட்டப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் ஒரு நியூட்ரான் விண்மீனைக் கண்டுபிடித்திருப்பதாக வானியலாளர்கள் அறிவித்தார்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ வானொலித் தொலைநோக்கி சேகரித்த தரவுக் குவியலுக்குள் அதன் மெல்லிய துடிப்பு புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்தவை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியரின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த இன்னொருவரின் கணினியும் ஆகும். அவர்கள் தங்கள் கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற ஆராய்ச்சித் திட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஒன்றில் அந்த விண்மீன் அகப்பட்டது.

இதே காரியத்தை நம் வீட்டில் எப்படித் தொடங்குவது, எந்த அளவோடு நடத்துவது, வேண்டாம் என்று தோன்றினால் யாருக்கும் இடையூறு இல்லாமல் எப்படி விலகுவது என்பவற்றைப் படிப்படியாகச் சொல்வதற்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். பல ஆண்டுகளாக இதைச் செய்துவருபவன் என்ற முறையில் ஒன்றைத் தொடக்கத்திலேயே வலியுறுத்த விரும்புகிறேன். கணினியை எவ்வளவு வேகமாக ஓட்டினோம், எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்பது ஆராய்ச்சியாளருக்குப் பொருட்டில்லை. சரியான விடை, கெடுவுக்குள் அவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் நாம் எதையாவது கொடுத்ததாகக் கணக்கு. ஒரு வாரம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டுச் சூடு தாங்காமல் நிறுத்திவிடுபவரைவிட, பிராசசரின் இரண்டு கோர்களை (கணக்கிடும் அலகுகளை) மட்டும் ஒதுக்கி மூன்று ஆண்டுகள் தொடர்பவரே அதிகம் கொடுக்கிறார். கீழே சொல்லும் அமைப்புகள் எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வந்தவைதான்.

என்ன நடக்கிறது என்பது பற்றிச் சுருக்கமாக

ஒரு பெரிய கணக்கை ஒன்றையொன்று சாராத லட்சக்கணக்கான சிறு துண்டுகளாக உடைக்க முடிந்தால், அந்தத் துண்டுகளை உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி விடைகளைத் திரட்டிக்கொள்ளலாம். பல்சார் எனப்படும், துடிப்பு அனுப்பிச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களைத் தேடுவது இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம். விண்மீன் எந்த வேகத்தில் சுழல்கிறது, தனியாக இருக்கிறதா அல்லது துணை விண்மீனைச் சுற்றிவருகிறதா என்பது எதுவும் முன்கூட்டியே தெரியாததால், எண்ணற்ற சாத்தியங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு சாத்தியத்தைச் சோதிக்கும் கணினிக்கு அடுத்த சாத்தியத்தைச் சோதிக்கும் கணினியோடு பேச வேண்டிய தேவையே இல்லை.

இந்த முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது, 1999ஆம் ஆண்டு மே மாதம் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம். வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிக் குறிகளைத் தேடிய அத்திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். 2020 மார்ச் 31 அன்று அது புதிய பணிகளை, அதாவது கணக்குத் துண்டுகளை, அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அந்த அனுபவத்திலிருந்து, எந்த ஆராய்ச்சிக் குழுவும் பயன்படுத்தக்கூடிய பொது மென்பொருளாக 2002 முதல் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் அதே பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டதே பாயிங்க். விமான நிறுவனத்தின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இணையத்தில் தேடும்போது பி, ஓ, ஐ, என், சி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் போதும்.

நிறுவுவதற்கு முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி, கணினி யாருடையது என்பது. உங்கள் சொந்தக் கணினியாகவோ, உரிமையாளர் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட கணினியாகவோ இருந்தால் மட்டுமே நிறுவுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தான் நிர்வகித்த கல்லூரிக் கணினிகளில் இத்தகைய ஒரு மென்பொருளை அனுமதியின்றி நிறுவிய ஒருவர்மீது கணினித் திருட்டு வழக்கே தொடரப்பட்டது. 2002 ஜனவரியில் நன்னடத்தைக் கண்காணிப்போடும் பணம் கட்டுதலோடும் அது முடிந்தது. அவருடைய நோக்கத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனாலும் மின்சாரமும் இணைப்பும் வேறொருவருடையவை. அலுவலக மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துவந்தாலும் அது அலுவலகத்துடையதுதான்.

இரண்டாவது, மின்கட்டணம். கணினி எப்படியும் இயங்கிக்கொண்டுதானே இருக்கிறது, கூடுதலாக என்ன செலவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பிராசசர்கள் சும்மா இருக்கும்போதும் உழைக்கும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் இழுத்த காலத்தில் அது ஓரளவு உண்மையாக இருந்தது. இன்றைய பிராசசர் வேலை இல்லாதபோது ஏறத்தாழ உறங்கிவிடுகிறது. நாம் வேலை கொடுத்தால் விழித்துக்கொண்டு மின்சாரம் இழுக்கிறது. என் மேசைக்கணினியைச் சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டரால் அளந்து பார்த்தபோது, சும்மா இருக்கையில் 45 வாட், பிராசசர் ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய எட்டு வேலைத் தடங்களில், அதாவது திரெட்டுகளில், இரண்டு ஓடும்போது 65 வாட், எட்டும் ஓடும்போது 110 வாட் காட்டியது. இரண்டு மாத மின்கட்டணச் சுழற்சிக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். நாள்தோறும் பத்து மணி நேரம் கணினி எப்படியும் இயங்குகிறது, அதில் இரண்டு திரெட்டுகளை ஒதுக்குகிறோம் என்றால் கூடுதல் செலவு 12 யூனிட். இரவுபகலாக எட்டையும் ஓட்டினால் கூடுதல் 93 யூனிட்டைத் தாண்டுகிறது. இதற்காகவே இருபத்துநான்கு மணி நேரமும் கணினியை அணைக்காமல் வைத்திருந்தால், 110 வாட்டும் நம் கணக்கில் சேர்ந்து 158 யூனிட் ஆகிவிடும். தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் அடுக்கு முறையில் இருப்பதால், இந்தக் கூடுதல் யூனிட்டுகள் எப்போதும் உங்கள் மேல் அடுக்கின் விலையில்தான் சேரும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். வீட்டில் மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர் என்றால் அவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் முறை.

மூன்றாவது, சூடு. பிராசசர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகி அறைக்குள்தான் வருகிறது. இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் பிறந்தவை. குளிர்காலத்தில் அறையைச் சற்றுச் சூடாக்குவது அங்கே ஓர் உபகாரம். சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையிலோ வேலூரிலோ மாடி அறையில் இருக்கும் கணினிக்கு அது பொருந்தாது. மேசைக்கணினி என்றால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மின்விசிறியிலும் உலோகத் தகடுகளிலும் அடைந்த தூசியை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். மடிக்கணினி என்றால் மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

முதல் படி: நிறுவுதல்

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பாயிங்க் இணையதளத்திலிருந்து மட்டும் மென்பொருளைத் தரவிறக்குங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகிய நான்குக்கும் அங்கே பதிப்புகள் உண்டு. மூன்றாம் நபர் தரவிறக்கத் தளங்களையும், பணம் ஈட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டு இதே பெயரில் வரும் இணைப்புகளையும் தவிர்த்துவிடுங்கள்.

விண்டோஸில் நிறுவும்போது, விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளையும் சேர்த்துத் தரும் பதிப்பு கண்ணில் பட்டால் இப்போதைக்கு அதை எடுக்க வேண்டாம். செர்ன் ஆய்வகத்தின் எல்ஹெச்சி அட் ஹோம் போன்ற சில திட்டங்களின் ஒரு பகுதிப் பணிகளுக்கு மட்டுமே அது தேவைப்படுகிறது. நிறுவும் சாளரத்தில் காட்டப்படும் மற்ற அமைப்புகளை அப்படியே விட்டுவிடலாம். சர்வீஸ் முறையில் நிறுவும் வாய்ப்பும் அங்கே இருக்கும்; அது மென்பொருளைத் தனிக் கணக்கில் அடைத்துவைப்பதால் பாதுகாப்பு கூடும், ஆனால் கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த முடியாமல் போய்விடும். உபுண்டு, டெபியன் பயன்படுத்துவோர் பாயிங்க் கிளையன்ட், பாயிங்க் மேனேஜர் என்ற இரண்டு தொகுப்புகளையும் தங்கள் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே பெறலாம்.

இந்த இரண்டு பெயர்களையும் புரிந்துகொள்வது பின்னால் உதவும். கிளையன்ட் என்பது பின்னணியில் ஓடி, பணிகளை வாங்கி, கணக்கிட்டு, விடையை அனுப்பும் பகுதி. மேனேஜர் என்பது நாம் பார்க்கும் சாளரம் மட்டுமே. சாளரத்தை மூடினாலும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். முழுதாக நிறுத்த வேண்டுமானால் மெனுவிலிருந்து வெளியேற வேண்டும்.

இரண்டாம் படி: திட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் ஒரே ஒரு திட்டத்தோடு தொடங்குவது நல்லது. எதையெல்லாம் பார்த்தாலும் ஆசையாகத்தான் இருக்கும். ஐந்தாறு திட்டங்களில் ஒரே நாளில் சேர்ந்துவிட்டால், ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பணிகளை அனுப்ப, மெதுவான கணினி கெடுவுக்குள் எதையும் முடிக்க முடியாமல் திணறிப்போகும்.

என் பரிந்துரை ஐன்ஸ்டைன் அட் ஹோம். இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்ட 2005இல் தொடங்கிய இத்திட்டத்தை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மில்வாக்கி பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பு இயற்பியல் நிறுவனமும் இணைந்து நடத்துகின்றன. லைகோ கருவிகளின் ஈர்ப்பலைத் தரவு, ஃபெர்மி செயற்கைக்கோளின் காமாக்கதிர்த் தரவு, தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் தொலைநோக்கியின் வானொலித் தரவு ஆகியவற்றில் அது சுழலும் நியூட்ரான் விண்மீன்களைத் தேடுகிறது. பணிகள் தடையின்றிக் கிடைக்கின்றன, பெரும்பாலும் இரண்டு வாரக் கெடு தருகிறார்கள், சாதாரணக் கணினிகளிலும் ஓடுகிறது. புதியவருக்கு வேண்டியவை இவைதான்.

புரத ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகம் நடத்தும் ரொசெட்டா அட் ஹோம் இருக்கிறது. கணினியின் துணையோடு புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக அவருக்கு 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது. அதன் பணிகளில் சில ஒன்றுக்கு ஒரு ஜிபிக்கும் மேல் ரேம் கேட்கும், கெடுவும் குறுகியது. 2004இல் ஐபிஎம் தொடங்கி, இப்போது டொரொண்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட், மருத்துவ ஆய்வுகளைத் தாங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த க்ளைமேட் பிரெடிக்‌ஷன் திட்டம் காலநிலை மாதிரிகளை ஓட்டுகிறது. அதன் ஒரே பணி நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் ஓடும் என்பதால், அடிக்கடி மின்வெட்டு வரும் இடங்களில் இருப்போருக்கு அதை முதல் திட்டமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபோல்டிங் அட் ஹோம் புகழ்பெற்றதாயினும் பாயிங்க் வழியாக ஓடுவதில்லை. அதற்குத் தனி மென்பொருள் உண்டு. எந்தத் திட்டம் என்று முடிவெடுக்க முடியாதவர்கள் சயின்ஸ் யுனைட்டெட் என்ற வாசல் வழியே சேரலாம்: அறிவியல் துறையை மட்டும் நீங்கள் சொன்னால், திட்டங்களை அதுவே பிரித்துக் கொடுக்கும்.

மேனேஜரில் டூல்ஸ் மெனுவுக்குள் உள்ள ஆட் பிராஜெக்ட் என்பதை அழுத்தி, பட்டியலில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துக் கணக்கு தொடங்குங்கள். நீங்கள் தரும் பயனர் பெயர் எல்லோருக்கும் தெரியும் வகையில் பங்கேற்பாளர்களின் புள்ளிப் பட்டியலில் வரும் என்பதால், கைப்பேசி எண்ணையோ முழுப் பெயரையோ அதில் சேர்க்காதீர்கள். கடவுச்சொல்லும் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். கணக்குப் பக்கத்தில், உங்கள் கணினிகளின் விவரத்தைப் பிறருக்குக் காட்டலாமா என்ற கேள்வியும் இருக்கும்; விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று குறித்துவிடலாம்.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். யாரோ அனுப்பும் நிரலை நம் கணினியில் ஓட்டுவது பாதுகாப்பானதா? ஒவ்வொரு திட்டமும் தன் நிரல்களுக்கு மின்கையொப்பம் இட்டே அனுப்புகிறது. கையொப்பம் பொருந்தாத எதையும் கிளையன்ட் ஓட்டாது. ஆகவே வழியில் யாரும் மாற்றி அனுப்புவது கடினம். ஆனால் திட்டத்தை நடத்துபவரையே நீங்கள் நம்பியாக வேண்டும் என்ற நிலை மாறாது. எனவே பெயர் தெரிந்த பல்கலைக்கழகமோ ஆய்வகமோ நடத்தாத திட்டத்தில், அதை நன்கு விசாரித்து அறியாமல் சேராதீர்கள்.

மூன்றாம் படி: அளவு குறித்தல்

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். வியூ மெனுவில் அட்வான்ஸ்டு வியூவுக்கு மாறி, ஆப்ஷன்ஸ் மெனுவில் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்ஸஸ் என்ற சாளரத்தைத் திறங்கள்.

முதலில் பிராசசர். நம் ஊரில் சிபியு என்றால் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதையும் குறிக்கும். இந்தச் சாளரத்தில் அந்தச் சொல் உள்ளே இருக்கும் பிராசசரின் திரெட்டுகளைக் குறிக்கிறது. எட்டு திரெட் உள்ள பிராசசரில் 25 சதவீதம் என்று கொடுத்தால் இரண்டு பணிகள் மட்டும் ஒரே நேரத்தில் ஓடும். முதல் மாதம் இதுவே போதும். அதற்கு அடுத்து, பிராசசர் நேரத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்கும் இன்னொரு கட்டம் இருக்கும். அதை 100 என்றே விட்டுவிடுங்கள். அதைக் குறைத்தால் மென்பொருள் கணக்கைச் சில நொடிகள் ஓட்டிச் சில நொடிகள் நிறுத்தும். மின்விசிறியின் ஓசை ஏறியும் இறங்கியும் தொல்லை தரும், வெப்பநிலையும் ஊசலாடும். சூட்டைக் குறைக்க வேண்டுமானால் திரெட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே சரியான வழி. புதிய பதிப்புகளில், நீங்கள் கணினியைப் பயன்படுத்தும்போது ஓர் அளவும், பயன்படுத்தாதபோது வேறோர் அளவும் தனித்தனியே குறிக்க முடிகிறது.

பாயிங்க் பணிகள் மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுவதால், நீங்கள் வேறெதையாவது திறந்தவுடன் அவை ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே டாஸ்க் மேனேஜரில் பிராசசர் நூறு சதவீதம் காட்டினாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முன்னுரிமை என்பது பிராசசருக்கு மட்டும் உள்ளது. ரேமுக்கு அப்படி ஏதும் கிடையாது. கணினி மந்தமாகிவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ரேம் போதாமல்தான் தவிக்கிறார்கள். நான்கு ஜிபி மட்டுமே உள்ள கணினியில், பயன்பாட்டில் இருக்கும்போது 25 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். எட்டு ஜிபி இருந்தால் பாதி கொடுக்கலாம். நிறுத்திவைத்த பணிகளை ரேமிலேயே வைத்திருக்கும் தேர்வும் அங்கே உண்டு: ரேம் தாராளமாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பின் செய்த கணக்கு வீணாகும்.

மின்கலத்தில் ஓடும்போது நிறுத்து என்ற கட்டத்தை மடிக்கணினி வைத்திருப்போர் கட்டாயம் குறித்திருக்க வேண்டும். மேசைக்கணினியை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருப்போர் இங்கே ஏமாந்துவிடக்கூடும்: மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டாலும் கணினிக்கு அது தெரியாது. தனக்கு வழக்கம்போல் மின்சாரம் வருவதாகவே எண்ணிக்கொண்டு, வீட்டின் விளக்குக்கும் மின்விசிறிக்கும் வைத்திருக்கும் மின்சாரத்தை அது தின்றுவிடும். மின்வெட்டு வரும் நேரம் தெரிந்த ஊர்களில், அமைப்புச் சாளரத்தின் அன்றாட அட்டவணைப் பகுதியில் அந்த மணிகளை விலக்கிவிடலாம். தெரியாத ஊர்களில், மின்சாரம் போனவுடன் அறிவிப்புப் பட்டையில் உள்ள பாயிங்க் சின்னத்தை வலச்சொடுக்கி ஸ்னூஸ் கொடுக்க வீட்டார் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கோடை மாதங்களில் பகல் முழுவதையும் அட்டவணையில் விலக்கி, இரவு பத்து முதல் காலை ஆறு வரை மட்டும் ஓட்டுவது என் வழக்கம்.

பணிகளை எத்தனை நாளுக்குச் சேர்த்து வைப்பது என்ற இரண்டு கட்டங்களில், முதலாவதில் 0.1 என்றும் இரண்டாவதில் 0.5 என்றும் கொடுங்கள். இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் என்று அஞ்சிப் பத்து நாளுக்குச் சேர்த்து வைப்பவர்கள், பாதிப் பணிகளைக் கெடு தாண்டித் திருப்பி அனுப்புகிறார்கள். அதற்குள் திட்டத்தின் சர்வர் அதே பணியை வேறொருவருக்குக் கொடுத்திருக்கும். வட்டில் 10 ஜிபி போதும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்போர், நெட்வொர்க் பகுதியில் 30 நாளுக்கு இத்தனை எம்பி என்று வரம்பிட மறக்க வேண்டாம். ஐன்ஸ்டைன் திட்டத்தின் தரவுக் கோப்புகள் சில பெரியவை.

கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், சில திட்டங்களின் பணிகள் அதில் பன்மடங்கு வேகமாக முடியும். மின்செலவும் அதற்கேற்ப உயரும். முதல் மாதம் ஆக்டிவிட்டி மெனுவில் ஜிபியு பகுதியை சஸ்பெண்டு என்று வைத்துவிட்டுப் பிராசசரோடு மட்டும் பழகுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் பொறுத்தவரை, அன்றாடம் பயன்படுத்தும் கைப்பேசியில் இதை நான் விரும்புவதில்லை. மணிக்கணக்கான சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடும்.

நான்காம் படி: முதல் நாளைக் கவனித்தல்

திட்டத்தில் சேர்ந்த சில நிமிடங்களில் டாஸ்க்ஸ் பகுதியில் பணிகள் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிந்த சதவீதம், ஓடிய நேரம், மீதி நேரம், கெடு ஆகியவை தெரியும். மீதி நேரம் என்று காட்டுவதை முதல் சில நாள்களுக்கு நம்ப வேண்டாம். உங்கள் கணினியின் வேகத்தைப் பத்துப் பதினைந்து பணிகள் முடித்த பிறகே மென்பொருள் சரியாகக் கற்றுக்கொள்கிறது. முடிந்த பணி சில மணி நேரம் ரெடி டு ரிப்போர்ட் என்று நிற்பதும் இயல்பானதே. பணி எதுவும் வரவில்லை என்றால், டூல்ஸ் மெனுவில் ஈவென்ட் லாக் என்பதைத் திறந்து பாருங்கள். திட்டத்திடம் இப்போது பணி இல்லை, வட்டில் இடம் இல்லை, நீங்கள் குறித்த நேர அட்டவணைக்கு வெளியே இருக்கிறது என்று காரணம் அங்கே எழுதியிருக்கும்.

பணிகள் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து வெப்பநிலையைப் பாருங்கள். விண்டோஸில் கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்களும், லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளையும் இதற்கு உதவும். தொடர்ந்து 80 பாகை செல்சியஸுக்குள் இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டினால் ஒரு திரெட்டைக் குறையுங்கள். பெரும்பாலான பிராசசர்கள் 95 முதல் 100 பாகைக்கு அருகில் தாமாகவே வேகத்தைக் குறைத்துத் தற்காத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆயினும் மாதக்கணக்கில் அந்த எல்லையில் ஓட்டுவதற்கென்று வீட்டுக் கணினிகள் வடிவமைக்கப்படுவதில்லை.

கணினியை வழக்கம்போல் அணைக்கலாம். பணிகள் தம் நிலையை அவ்வப்போது வட்டில் சேமித்துக்கொள்வதால், மறுபடி இயக்கும்போது விட்ட இடத்துக்கு அருகிலிருந்து தொடரும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் புதிதாக வந்த நிரலைச் சந்தேகித்துப் பூட்டிவிடும். அப்போது பாயிங்கின் தரவுக் கோப்புறையை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும், தடுப்பையே அணைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: இரண்டாம் வாரத்தின் சோதனை

பெரும்பாலானோர் செய்யாமல் விடுவது இதைத்தான். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். இரண்டு வாரம் ஓடிய பின், திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து, பணிகளின் பட்டியலைத் திறங்கள். வேலிட் (ஏற்கப்பட்டவை), பெண்டிங் (காத்திருப்பவை), இன்வேலிட் (நிராகரிக்கப்பட்டவை), எரர் (பிழையில் முடிந்தவை) என்று பல வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன பல்சார் கதையில் ஏன் இரண்டு கணினிகள் வந்தன என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. முகம் தெரியாத ஒரு வீட்டுக் கணினி அனுப்பும் எண்ணை எந்த ஆராய்ச்சியாளரும் அப்படியே நம்பிவிட மாட்டார். ஆகவே ஒரே பணி பொதுவாக இரண்டு வேறுவேறு பங்கேற்பாளர்களுக்கு அனுப்பப்படுகிறது. இரு விடைகளும் ஒத்துப்போனால்தான் அது ஏற்கப்படும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது கணினிக்குப் போகும். பெண்டிங் என்று நிற்பவை எல்லாம், எங்கோ இன்னொரு நாட்டில் உங்களுக்கு இணையாக அதே பணியைப் பெற்றவரின் கணினி அதே கணக்கை முடிப்பதற்காகக் காத்திருப்பவை. அங்கே இருப்பவர் இரவில் கணினியை அணைத்துவிட்டால் நீங்கள் காத்திருக்கிறீர்கள். நீங்கள் பத்து நாள் பணியை இறக்கிவைத்துத் தூங்கவிட்டால் அவர் காத்திருக்கிறார்.

இன்வேலிட், எரர் என்ற இரண்டிலும் ஓரிரண்டு இருப்பது இயல்பு. திட்டத்தின் நிரலிலேயே பிழை இருந்தால் எல்லோருக்கும் அது தோல்வியடையும். குறிப்பிட்ட பணியின் பக்கத்தைத் திறந்து, இணையின் கணினியிலும் தோல்விதானா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிறருக்குச் சரியாகி உங்களுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் தவறினால், உங்கள் கணினி தப்பாகக் கணக்கிடுகிறது என்று பொருள். எனக்கு ஒரு கோடையில் இது நேர்ந்தது. பழைய மடிக்கணினி ஒன்று எந்தக் குறையும் காட்டாமல் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்துப் பட்டியலைப் பார்த்தபோது பத்தில் நான்கு விடைகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. அத்தனை மின்சாரமும் வீண். அதைவிட, ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றாவது ஒருவர் அதே கணக்கை மறுபடி செய்ய வேண்டியிருந்தது என்பதே எனக்கு அதிகம் உறுத்தியது. தூசியைத் துடைத்து, நான்கு திரெட்டுகளை ஒன்றாகக் குறைத்தபின் தவறுகள் நின்றன. சூடு காரணமில்லை என்றால் ரேமைச் சோதிக்க வேண்டும். மெம்டெஸ்ட் போன்ற மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓட்டினால் தெரிந்துவிடும். பிராசசரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும்படி ஓவர்கிளாக் செய்திருந்தால் அதை உடனே விலக்குங்கள். கணினி விளையாட்டில் திரையின் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்கும் தெரியாது. இங்கே ஓர் எண் மாறினால் விடையே போயிற்று.

ஏற்கப்பட்ட ஒவ்வொரு விடைக்கும் கிரெடிட் என்ற புள்ளிகள் சேரும். நொடிக்கு நூறு கோடி தசமக் கணக்குகள் செய்யும் கணினி ஒரு நாள் முழுவதும் உழைத்தால் 200 புள்ளிகள் என்பது அதன் அடிப்படை வரையறை. அவற்றுக்குப் பண மதிப்பு கிடையாது. குழுவாகச் சேர்ந்து புள்ளிகளைத் திரட்டுவதில் மகிழ்ச்சி காண்பவர்கள் பலர், அதில் தவறில்லை. ஆனால் புள்ளிப் பட்டியலில் மேலே ஏறுவதற்காகத் திரெட்டுகளைக் கூட்டத் தொடங்கினால், மேலே கணக்கிட்ட யூனிட்டுகளை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

விலகும்போது

வீடு மாறுகிறீர்கள், கணினியை விற்கிறீர்கள், அல்லது மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் விலகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் மென்பொருளைத் திடீரென்று நீக்கிவிட்டால், உங்களிடம் இருக்கும் பணிகள் கெடு முடியும்வரை சர்வரின் கணக்கில் உங்கள் பெயரிலேயே நிற்கும். இணையாக அதே பணியை முடித்தவர் அதுவரை காத்திருப்பார். ஆகவே பிராஜெக்ட்ஸ் பகுதியில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நோ நியூ டாஸ்க்ஸ் என்பதை முதலில் அழுத்துங்கள். கையில் உள்ளவை ஓரிரு நாளில் முடிந்து, பட்டியல் காலியானதும் அப்டேட் கொடுத்து விடைகள் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு, ரிமூவ் கொடுங்கள். முடிக்க நேரமில்லை என்றால் பணிகளைத் தேர்ந்தெடுத்து அபார்ட் செய்துவிட்டு, அதன்பின் அப்டேட் கொடுங்கள். சர்வர் உடனே அவற்றை வேறொருவருக்கு மாற்றிவிடும். திட்டம் பட்டியலிலிருந்து மறைந்த பிறகே மென்பொருளை நீக்க வேண்டும். உங்கள் கணக்கும் அதுவரை சேர்ந்த புள்ளிகளும் திட்டத்தின் சர்வரில் அப்படியே இருக்கும். புதிய கணினி வாங்கிய பின் அதே மின்னஞ்சலோடு மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.